பெயர்ப் பட்டியல் இல்லாத மெழுகுவத்திகள்

மெழுகுவத்தி ஏந்தி நிற்பது நடுத்தர வர்க்கத்தின் பிராயச்சித்தச் சடங்கு என்னும் கருத்து இந்தியக் கருத்தரங்க அறைகளில் நெடுநாளாகப் புழங்கிவருகிறது. அதைச் சொல்பவர்கள் 'குறியீட்டுப் போராட்டம்' என்று உச்சரிக்கும்போது 'குறியீட்டு' என்பதற்கு 'வெறும்' என்று பொருள். போராட்ட வடிவங்களுக்கு மதிப்பெண் வழங்கும் அவர்களது பதிவேட்டில் வேலைநிறுத்தத்துக்கு முதல் வகுப்பு, மறியலுக்கு இரண்டாம் வகுப்பு. அமைதியாகக் கூடிநின்று கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வாசிப்பது தேர்ச்சி பெறுவதே இல்லை. இக்கருத்தில் பாதி உண்மை உண்டு. அதற்குப் பிறகு வரலாம். மறுபாதி, போராட்டத்தை அதன் ஒளிப்படத்தின் வழியே மட்டும் அறிந்தவர்களின் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு மறுப்பாக, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு படைமுகாமின் வாயிலில் 1990 முதல் கால் நூற்றாண்டுக் காலம் ஆண்டுதோறும் நவம்பரில் நடந்த ஒரு விழிப்புப் போராட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த முகாம் கொலம்பஸ் நகரை ஒட்டிய ஃபோர்ட் பென்னிங். அதற்குள் இயங்கியது 'ஸ்கூல் ஆஃப் த அமெரிக்காஸ்' என்னும் பயிற்சிப் பள்ளி. 1946இல் பனாமாவில் வேறொரு பெயரில் தொடங்கி, 1963இல் இப்பெயரைப் பெற்று, 1984இல் ஜார்ஜியாவுக்கு இடம்பெயர்ந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் படையினருக்கு ஸ்பானிய மொழியில் பயிற்சி அளிப்பது அதன் பணி. ஏறத்தாழ 60,000 பேர் அங்கே பயின்றிருக்கிறார்கள். பனாமாவின் மானுவேல் நோரியேகா, பொலிவியாவின் ஊகோ பான்செர், அர்ஜென்டினாவின் லியோபோல்டோ கால்ட்டியேரி, எல் சால்வடோரில் கொலைப்படைகளை இயக்கிய ரோபெர்ட்டோ டாபுய்சோன் ஆகியோர் அதன் மாணவர்கள். ஒரு நாட்டுக்குள் தன் படையை அனுப்பாமலேயே அந்நாட்டில் தலையிட ஒரு வல்லரசுக்குக் கிடைத்த மலிவான வழி இது. தலையீடு என்றதும் போர்க்கப்பலையும் பொருளாதாரத் தடையையும் மட்டுமே நினைவுகூரும் சர்வதேச உறவுத் துறைகள், பாடத்திட்டமும் தலையீடாகலாம் என்பதைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. பாடத்திட்டம் வகுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது எளிதில் புரிந்திருக்க வேண்டும்.

இந்தப் போராட்டத்தின் நாள் எது, ஏன் அந்த நாள் என்பது பல்கலைக்கழகத்தாருக்கு அக்கறைக்குரியது. 1989 நவம்பர் 16 அன்று விடியுமுன், எல் சால்வடோர் இராணுவத்தின் அத்லகாத்ல் படைப்பிரிவு தலைநகரிலுள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அங்கேயே தங்கியிருந்த ஆறு இயேசு சபைக் குருக்களைக் கொன்றது. துணைவேந்தர் நிலையிலிருந்த இக்னாசியோ எல்லகுரியா மெய்யியல் அறிஞர். போருக்குப் பேச்சுவார்த்தையே தீர்வு என்று இடைவிடாது எழுதியவர். இக்னாசியோ மார்ட்டின்-பாரோ சமூக உளவியலாளர். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறியக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றை நிறுவியவர். செகுண்டோ மோன்டெஸ் சமூகவியலாளர். பல்கலைக்கழகத்தின் மனித உரிமை நிறுவனத்தை நடத்தியவர். அகதிகளைப் பற்றி ஆய்வு செய்தவர். மற்ற மூவரும் கற்பித்தலிலும் மக்கள் கல்வியிலும் ஈடுபட்டவர்கள். இவர்களுடைய ஆயுதங்கள் வினாநிரல், அட்டவணை, தலையங்கம் ஆகியவை மட்டுமே. கொன்ற பிறகு, பழி கெரில்லாக்கள் மீது விழும்படி ஓர் அட்டையில் எழுதிவைத்துவிட்டுப் படையினர் சென்றனர்.

சாட்சி எதுவும் மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே, சமையல் வேலை செய்துவந்த எல்பா ராமோஸும் அவருடைய பதின்பருவ மகள் செலினாவும் சேர்த்துக் கொல்லப்பட்டனர். தங்கள் வீட்டருகே சண்டை நடந்ததால், பாதுகாப்பு என்று கருதி அன்றிரவு குருமார் இல்லத்தில் தங்கியவர்கள் அவர்கள். எல்பாவின் கணவர் ஒப்துலியோ அங்கே தோட்டக்காரர். உடல்கள் கிடந்த புல்வெளியில் பின்னர் அவர் ரோஜாச் செடிகளை நட்டார். உலகக் கல்விப்புலம் நினைவுச் சொற்பொழிவுகளில் ஆறு பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதுண்டு. ஜார்ஜியாவின் வாயிலில் எட்டுப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பட்டியல் என்பது எவ்வளவு நுட்பமான அரசியல் என்பது இந்த இரண்டு எண்ணிக்கையின் இடைவெளியில் தெரிகிறது.

இனி இரண்டாவது பட்டியல். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ மோக்லி தலைமையிலான குழு இக்கொலையை ஆராய்ந்து 1990இல் அறிக்கை அளித்தது. 1993இல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம் எல் சால்வடோரின் உள்நாட்டுப் போர்க் குற்றங்களைப் பெயர் சுட்டிப் பதிவு செய்தது. போராட்டக்காரர்கள் செய்த வேலை எளிமையானது, சலிப்பூட்டுவது, அதனாலேயே வலிமையானது: குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களை, தகவல் பெறும் சட்டத்தின் வழியே பெற்ற பள்ளி மாணவர் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகக் கொலையில் தொடர்புடையவர்களாகச் சுட்டப்பட்ட 26 பேரில் 19 பேர் அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் என்று தெரியவந்தது. 1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்னும் மலைக்கிராமத்தில் இதே அத்லகாத்ல் படைப்பிரிவு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1992இல் அங்கே ஓர் அறையை மட்டும் அகழ்ந்தபோது 140க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன; பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. அக்கொலைக்குப் பொறுப்பான அதிகாரிகளின் பெயர்களிலும் இதே ஒப்பீடு நடந்தது, இதே விடை கிடைத்தது.

கொல்லப்பட்டவர்களின் பட்டியல் ஒரு கையில், பயின்றவர்களின் பட்டியல் மறு கையில். இரண்டையும் இணைப்பதற்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு கோரிக்கை. விழிப்புப் போராட்டம் என்று ஃபோர்ட் பென்னிங்கில் அழைக்கப்பட்டது இதுதான்.

அதன் தொடக்கம் சிறியது. வியட்நாமில் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றி, பின்னர் மேரிநோல் சபைக் குருவாகி, பொலிவியாவில் பணிசெய்த ராய் பூர்ஷ்வா, 1983இல் வேறு இருவரோடு இராணுவ அதிகாரிகளைப் போல் உடுத்தி முகாமுக்குள் நுழைந்தார். பயிற்சிக்கு வந்திருந்த எல் சால்வடோர் வீரர்களின் பாசறை அருகே இரவில் ஒரு மரத்தில் ஏறி, பேராயர் ஆஸ்கார் ரொமேரோவின் கடைசி ஞாயிறு மறையுரையின் ஒலிப்பதிவை அவர்களுக்குக் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார். மக்களைச் சுடும் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று ரொமேரோ வீரர்களிடம் மன்றாடிய உரை அது. மறுநாளே, 1980 மார்ச் 24 அன்று, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரமேறியவர்கள் சிறை சென்றார்கள். 1990இல் பூர்ஷ்வா முகாம் வாயிலுக்கு எதிரே ஒரு சிறு குடியிருப்பை வாடகைக்கு எடுத்தார். அவ்வாண்டு பத்துப் பேர் வாயிலில் 35 நாட்கள் தண்ணீர் மட்டும் அருந்தி உண்ணாநோன்பு இருந்தனர். கொலையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் மூவர் பள்ளிக்குள் சென்று இரத்தத்தைத் தெளித்துக் கைதாயினர். மூவரில் ஒருவர் சார்லஸ் லிட்டெக்கி. வியட்நாம் போரில் நாட்டின் உயரிய வீர விருதைப் பெற்று, 1986இல் மத்திய அமெரிக்கக் கொள்கையை எதிர்த்து அவ்விருதைத் துறந்தவர்.

பத்துப் பேரோடு தொடங்கியது 1999இல் பத்தாயிரத்தைக் கடந்தது. 2006இல், ஏற்பாட்டாளர்களின் கணக்குப்படி, இருபதாயிரத்தைக் கடந்தது. இந்த வளர்ச்சியை உணர்ச்சிப் பெருக்கு என்று விளக்குவது எளிது, தவறு. அங்கே நடந்ததை வரிசைப்படி பார்த்தால் தெரியும். ஞாயிறு காலை மேடையிலிருந்து பெயர்கள் பாடப்படும்: பெயர், வயது, ஊர். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் வெள்ளைச் சிலுவைகளை உயர்த்தி 'பிரசெந்தே' என்று விடையளிக்கும். வருகைப் பதிவு எடுக்கும் வகுப்பறையில் 'உள்ளேன் ஐயா' என்று எழும் அதே குரல். கொலைக்கூடத்தின் வாசலில் நின்று, கொல்லப்பட்டவர்களுக்கு வருகை போடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஊர்வலம் மெல்ல நகரும். கைதட்டல் இல்லை, முழக்கம் இல்லை. பிறகு சிலர் முகாம் எல்லையைக் கடப்பார்கள். 1999இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடந்தனர்.

மேடைக்குப் பின்னால் நடந்த வேலைக்குப் படம் இல்லை. ஆகவே அதைப் பற்றிய கட்டுரையும் அரிது. எல்லையைக் கடக்க விரும்புவோர் முன்கூட்டியே வன்முறை தவிர்ப்புப் பயிற்சி பெற வேண்டும். சிறு குழுவாகச் சேர்ந்து, யார் கைதாவது, கைதானவரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, வேலை போனால் வாடகையை யார் கட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் அவர்களிடம் தண்டனையை மறைக்காமல் சொல்வார்கள்: முதல் முறை நுழைந்தவருக்குப் பெரும்பாலும் தடைக் கடிதம், மீண்டும் நுழைந்தால் ஆறு மாதம் வரை கூட்டாட்சிச் சிறை. இதைத் தெரிந்தே ஆண்டுதோறும் சிலர் சென்றார்கள்; எழுபது வயது கடந்த கன்னியர்களும் அவர்களுள் உண்டு. காந்தி தண்டிக்கு நடக்கும் முன் ஆசிரமத்தாருக்கு அளித்த ஒழுங்குப் பயிற்சியை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதும் இந்திய அறிஞர்கள், அதே ஒழுங்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகளிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று ஆராய்ந்திருக்கலாம்.

நீதிமன்றமும் போராட்டக் களத்தின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டது. குற்றத்தை மறுப்பதற்குப் பதிலாக, ஏன் நுழைந்தோம் என்பதைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கே அவர்கள் விசாரணைகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு சிறு செய்தி: தொடக்க ஆண்டுகளில் இவர்களைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி ராபர்ட் எலியட், வியட்நாமின் மை லாய் படுகொலைக்காக இதே ஃபோர்ட் பென்னிங்கில் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட லெப்டினன்ட் காலியின் தண்டனையை 1974இல் ரத்து செய்தவர். கிராமத்தைக் கொன்றவனுக்கு விடுதலை, கொலையை நினைவூட்டியவருக்குச் சிறை. இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

குறியீடு வெறும் குறியீடாகவே இருந்திருந்தால் அரசு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். அரசு என்ன செய்தது? 1996இல், முந்தைய ஆண்டுகளில் அப்பள்ளியில் பயன்பட்ட ஏழு ஸ்பானிய மொழிக் கையேடுகளைப் பாதுகாப்புத் துறை வெளியிட நேர்ந்தது. மிரட்டல், சித்திரவதை, கொலை ஆகியவற்றுக்கு இடமளித்த பகுதிகள் அவற்றில் இருந்தன என்பதை அத்துறையே ஒப்புக்கொண்டது. 2000 டிசம்பரில் பள்ளி 'மூடப்பட்டது'. 2001 ஜனவரியில் அதே வளாகத்தில் 'மேற்கு அரைக்கோளப் பாதுகாப்பு ஒத்துழைப்பு நிறுவனம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. (பெயர் மாற்றம் அந்த மண்ணுக்குப் புதிதன்று. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ஒருவரின் பெயரைத் தாங்கிய முகாம் 2023இல் ஃபோர்ட் மூர் ஆயிற்று. 2025இல், அதே பெயருடைய வேறொரு வீரரைத் தேடிக் கண்டுபிடித்து, மீண்டும் ஃபோர்ட் பென்னிங் ஆயிற்று.) 2001க்குப் பின் வாயிலில் கம்பிவேலி எழுந்தது, கூட்டம் தன் சிலுவைகளை அக்கம்பிகளில் செருகி வேலியையே நினைவுச் சுவராக்கியது. 2002இல், கூட்டத்துக்கு வருவோர் அனைவரும் உலோகம் கண்டறியும் கருவியின் வழியே வர வேண்டும் என்று நகர நிர்வாகம் ஆணையிட்டது. அதுவரை ஒரு கல்லும் எறியாத கூட்டம் அது. போராட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. போராடும் உரிமையைப் பற்றி அந்நாட்டில் அதன்பின் எழுந்த வழக்குகளுக்கு இத்தீர்ப்பு ஒரு கைத்தடி.

அரசின் உண்மையான பதிலடி வேறிடத்தில் விழுந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பயின்றவர்களின் பெயர்களை வெளியிடுவதைப் பாதுகாப்புத் துறை நிறுத்திக்கொண்டது. போராட்டக்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2013இல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் பெயர்களை வெளியிட வேண்டும் என்றது. 2016இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. கூட்டம் கூடலாம், பாடலாம், பொம்மைகளைத் தூக்கி ஆடலாம். பட்டியல் மட்டும் கிடைக்காது. எது ஆபத்தானது என்பதைப் பாதுகாப்புத் துறை சரியாகவே கணித்திருந்தது. மெழுகுவத்தியை ஏளனம் செய்யும் பேராசிரியர் அவ்வளவு கூர்மையாகக் கணிக்கவில்லை.

பள்ளியின் ஆதரவாளர்கள் வைத்த வாதம் கல்விப்புலத்தை நேரடியாகத் தொடுவதால் அதற்கு விடை சொல்ல வேண்டும். அறுபதாயிரம் பேரில் சில நூறு பேர் குற்றவாளிகளானார்கள் என்பதற்காகப் பள்ளியைக் குற்றம் சொல்வதா? ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவன் கொலை செய்தால் துணைவேந்தரைக் கைது செய்வதா? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் கொலைக்கு இடமளிக்கும் பாடநூலை மாணவர் கையில் கொடுப்பதில்லை. சர்வாதிகாரி பான்செரைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்துப் பெருமைப்பட்டது அப்பள்ளி. 'வழிதவறிய மாணவர்' என்று அவரை அது கருதவில்லை. புதிய பெயரின் கீழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது எட்டு மணி நேர மனித உரிமைப் பாடம் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. எட்டு மணி நேரம். ஒரு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் வழங்கி அறிக்கை அனுப்பும் கலையில் கைதேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சரி, வென்றார்களா? பள்ளி இன்னும் இயங்குகிறது. அந்த அளவில் விடை 'இல்லை'. அதை மழுப்புவது போராட்டத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1999இல் நிதியைக் குறைக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 230க்கு 197 என்று நிறைவேறியது; பின்னர் இரு அவைகளின் பேச்சுவார்த்தையில் கைவிடப்பட்டது. மறு ஆண்டு மூடக் கோரிய திருத்தம் பத்து வாக்குகளில் தோற்றது. பெயர் மாற்றம் என்னும் தந்திரம் எதற்குத் தேவைப்பட்டது என்பதை இந்தப் பத்து வாக்குகள் சொல்கின்றன. வாஷிங்டனில் தோற்ற இயக்கம் தெற்கு நோக்கித் திரும்பியது; அந்நாடுகளின் தலைவர்களை நேரில் கண்டு, உங்கள் வீரர்களை அனுப்பாதீர்கள் என்று கேட்டது. வெனிசுவேலா 2004இல் நிறுத்தியது, 2006இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும், பிறகு பொலிவியா, 2012இல் ஈக்வடாரும் நிகராகுவாவும். இவற்றுக்கு அந்நாடுகளின் உள்நாட்டு அரசியலும் காரணம்; முழுப் பெருமையையும் வாயிலில் நின்றவர்களுக்கு அளிப்பது மிகை. 2009இல் ஹோண்டுராஸில் ஆட்சியைக் கவிழ்த்த தளபதி ரோமியோ வாஸ்கெஸ் அப்பள்ளியில் பயின்றவரே என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2016இல் போராட்டம் அவ்வாயிலை விட்டு, மெக்சிகோ எல்லையிலுள்ள நொகாலெஸுக்கு இடம்பெயர்ந்தது. பயிற்சி பெற்ற படைகள் உருவாக்கிய அகதிகள் அந்த எல்லையில்தான் தடுத்து நிறுத்தப்பட்டார்கள்.

இப்போது, முதலில் ஒத்திவைத்த பாதி உண்மை. இந்திய வளாகங்களில் ஏற்றப்படும் மெழுகுவத்திகளில் பெரும்பாலானவை ஏளனத்துக்கு உரியவையே. மாலை ஆறரைக்கு வாயிலில் கூடல், ஏழரைக்குக் கலைதல், எட்டுக்குப் படம் வலையேற்றம். அடுத்த ஆண்டு அதே நாளில் யாரும் வருவதில்லை. யாரிடம் எதைக் கோருகிறோம் என்பது சுவரொட்டியில் இருக்காது. கொல்லப்பட்டவரின் பெயர் இருக்கும். கொன்றவர் எங்கே பயின்றார், யார் ஊதியம் கொடுத்தார், எந்த உத்தரவின் கீழ் சுட்டார் என்பது இருக்காது. இதைக் குறை சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் குறையை மெழுகுவத்தியின் மேல் போடுகிறார்கள். குறைந்திருப்பது பட்டியல். பட்டியல் தயாரிப்பதோ, தெருவில் நிற்பவர்களைக் காட்டிலும் நூலகத்தில் அமர்ந்திருப்பவர்களின் கடமை.

தமிழகத்துக்கு இது தூரத்துக் கதையன்று. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குத் தாம்பரத்தில் பயிற்சி அளிக்கப்படுவது தெரியவந்தபோது தமிழகம் கொதித்தது; முதலமைச்சர் எதிர்த்தார், கட்சிகள் அனைத்தும் எதிர்த்தன. மத்திய அரசு அவர்களைப் பெங்களூருவின் எலகங்காவுக்கு மாற்றியது. அடுத்த மாதமே நீலகிரியிலுள்ள வெலிங்டன் இராணுவப் பணியாளர் கல்லூரியில் இலங்கை அதிகாரிகள் இருவர் இருப்பது பற்றி அதே கொதிப்பு எழுந்தது. அந்தச் சினம் நியாயமானது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் மேலோங்கி ஒலித்த கோரிக்கை 'திருப்பி அனுப்பு' என்பது. பனாமாவிலிருந்து ஜார்ஜியாவுக்குப் போன பள்ளியைப் போல, தாம்பரத்திலிருந்து எலகங்காவுக்குப் போனது பயிற்சி. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இடமாற்றத்தை வெற்றி என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது.

ஃபோர்ட் பென்னிங்கின் வாயிலில் நின்றவர்கள் ஒருபோதும் 'சால்வடோர்காரனே வெளியேறு' என்று முழங்கவில்லை. மரத்தின் மேலிருந்து ஒலித்த குரல் அவ்வீரர்களைச் சகோதரர்கள் என்று விளித்தது. அவர்களுடைய குற்றச்சாட்டு தங்கள் அரசின் மேல், தங்கள் வரிப்பணத்தின் மேல், தங்கள் மண்ணிலுள்ள பள்ளியின் மேல். 2012இல் தமிழகத்தின் விரல் விருந்தாளியை நோக்கி நீண்டது; அழைத்தவனை நோக்கி நீண்டது குறைவு. அந்த ஒன்பது பேரும் தனிப்பட்ட முறையில் எந்தக் குற்றமும் செய்யாதவர்களாக இருக்கலாம். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த ஆண்டு முதல், எத்தனை பேருக்கு, எந்தப் பாடங்களில், யாருடைய செலவில் பயிற்சி? பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் பணியாற்றிய பிரிவின் போர்க்காலச் செயல்கள் ஆராயப்பட்டனவா? 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் இயங்கிய படைப்பிரிவுகளின் அதிகாரிகளில் இந்தியாவில் பயின்றவர்கள் யாவர்? இக்கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வேடு எத்தனை பல்கலைக்கழகங்களில் பதிவாகியிருக்கிறது? ஈழத்தைப் பற்றிய கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அடையாளம், நினைவு, புலம்பெயர்வு எனத் தலைப்புகளுக்கும் குறைவில்லை.

முதல் பட்டியலுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் வேறு கைகளால். 1990களின் தொடக்கத்தில் எல் சால்வடோரில், மனித உரிமை அமைப்பு ஒன்று திரட்டிய வாக்குமூலங்களை இராணுவ அதிகாரிகளின் பணி வரலாற்றோடு கணினியில் பொருத்தி, எந்த அதிகாரியின் கீழ் எத்தனை குற்றங்கள் நடந்தன என்று அட்டவணையிட்டவர் பேட்ரிக் பால் என்னும் புள்ளியியலாளர். அவரே பின்னர், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டு, அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 500 என்று பத்திரிகையாளர் ஃபிரான்சிஸ் ஹாரிசனோடு சேர்ந்து மதிப்பிட்டார். சான் சால்வடோரில் பயின்ற முறை முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சென்னை, தில்லி, ஐதராபாத் வளாகங்களின் சமூக அறிவியல் துறைகளை அது இன்னும் எட்டவில்லை.

இரண்டாவது பட்டியல் இந்தியாவில் மட்டுமே தயாரிக்கக்கூடியது. ஆவணங்கள் இங்கே இருக்கின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை, அசாம் ரைபிள்ஸ் போன்றவை தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்று விலக்குப் பெற்றவை; தரைப்படை, கடற்படை, விமானப்படை அவ்வட்டவணையில் இல்லை. எட்டாம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்பது உறுதி. மறுப்பும் ஓர் ஆவணம்; அதன்மேல் மேல்முறையீடு உண்டு, தகவல் ஆணையம் உண்டு, உயர் நீதிமன்றம் உண்டு. நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அளிக்கப்பட்ட விடைகளும் பொதுவெளியில் கிடக்கின்றன. படைக் கல்லூரிகளின் ஆண்டு மலர்கள், நட்பு நாடுகளின் அதிகாரிகளை வரவேற்ற செய்திக் குறிப்புகள், பயிற்சி முடித்தவர் தாயகம் திரும்பிப் பதவி உயர்வு பெறும்போது கொழும்பில் வெளியாகும் வாழ்க்கைக் குறிப்புகள் யாவும் அச்சில் உள்ளன. இவற்றை ஒரு விரிதாளில் நிரல்படுத்த இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு ஓராண்டு போதும். வழிகாட்டிகள் அஞ்சுவார்கள், நிதி நல்கையில் கேள்வி வரும். ஃபோர்ட் பென்னிங்கில் எல்லையைக் கடந்தவர்களுக்கும் வேலையும் ஓய்வூதியமும் இருந்தன.

மே 18 என்னும் நாள் ஏற்கெனவே இருக்கிறது. அன்று ஏற்றப்படும் சுடர்களும் இருக்கின்றன. குன்னூர்ச் சாலையில் வெலிங்டன் கல்லூரியின் வாயிலும் இருக்கிறது. அங்கே போய் நிற்பவர்கள் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய தாள்தான் இன்னும் எழுதப்படவில்லை.